கொல்லாம்விளையில் நின்ற மேகம்

ஐப்பசி பிறந்து ஒன்பதாம் நாள் சாயங்காலம் நாலே முக்கால் மணிக்கு, கிழக்கே கடலிலிருந்து ஏறி வந்த மழைமேகத்தைப் பார்த்து ஜெயசீலி, "கொஞ்சம் அப்படியே நில்லு" என்று சொன்னாள், அது நின்றுவிட்டது.

இருபது வருஷமாகக் கல்யாண வீடுகளில் மாப்பிள்ளையையும் பெண்ணையும் பார்த்துச் சொல்லிச் சொல்லி அவள் நாக்கில் படிந்துபோன வார்த்தைதான் அது. அவள் அதை மேகத்திடம் சொன்னதில் விசேஷம் ஒன்றும் இல்லை, பூவிடமும் சொல்வாள், ஓணானிடமும் சொல்வாள், காற்றில் ஆடுகிற புல்லிடமும் சொல்வாள். அதுவரை அவள் சொல்லை ஓணான்கூடக் கேட்டதில்லை.

கொல்லாம்விளைக்குத் தெற்கே கண்ணுக்கெட்டிய தூரம் வரை தேரி கிடந்தது. ரத்தச் சிவப்பான மணல்மேடுகள், நடுநடுவே பனையும் உடைமரமும் முந்திரி காய்க்கிற கொல்லாமரமும், ஆடிக் காற்றில் இடம் மாறி நேற்றுப் போன பாதையை இன்று மூடிவிடுகிற மேடுகள். வருஷத்தில் பத்து மாசம் செத்தது போலக் கிடக்கும் அந்த மணலில் புரட்டாசிக் கடைசியில் ஒரு தூறல் விழுந்தால் போதும், நெருஞ்சியும் விஷ்ணுகிரந்தியும் நல்வேளையும் பெயரே இல்லாத இன்னும் பத்துப் பதினைந்து வகையும் எங்கிருந்தோ எழுந்து நின்று பூக்கும். பதினொரு வருஷமாக ஜெயசீலி அந்தப் பூக்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். அதே செடியை விடியலில் ஒரு தடவை, உச்சியில் ஒரு தடவை, புழுதிக் காற்றில் ஒரு தடவை, மேகம் மூடினால் ஒரு தடவை. காலையில் செம்பருத்தி நிறமாக இருக்கிற மணல் மத்தியானத்தில் வெளிறிப்போய், மழைக்கு முந்தி ஆட்டு ஈரலின் நிறத்துக்கு வரும் என்பதை அந்த ஊரில் பிறந்தவர்களே அவள் படத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். அந்தப் படங்களை யாரும் கேட்டதும் இல்லை, அவளும் யாருக்கும் கொடுத்ததில்லை. புருஷன் தனசிங் மட்டும் பள்ளிக்கூட வேன் ஓட்டி முடித்து வந்ததும் மூன்றுகால் ஸ்டாண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கூடவே போவான், காற்று அடித்தால் பூவுக்குக் குறுக்கே உட்கார்ந்து மறைப்பான், வெளிச்சம் போதவில்லை என்றால் வெள்ளைத் தெர்மகோல் அட்டையை அவள் சொன்ன பக்கம் சாய்த்துப் பிடிப்பான்.

அன்றைக்கு அவள் தனியாகத்தான் போயிருந்தாள். தனசிங்குக்கு நுரையீரல் சுருங்கிக்கொண்டு வருகிற வியாதி. இரண்டு வருஷமாக ஸ்டாண்டைத் தூக்கவில்லை, எட்டு மாசமாக வேனைத் தொடவில்லை. அன்று காலையில்தான் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டு, "மழை இறங்கி ஈரக்காத்து ஆரம்பிச்சதுன்னா இந்த நெஞ்சு தாங்காதும்மா. மழைக்கு முந்தி யாரும் பாக்கணும்னா வந்து பாத்துரட்டும்" என்று சொல்லியிருந்தார். வீட்டுக்கு வந்து அவனுக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு, அவன் முகத்துக்கு எதிரே உட்கார்ந்திருக்க முடியாமல் கேமராவை எடுத்துக்கொண்டு தேரிக்குப் போனாள்.

மூன்றாவது மேட்டின் சரிவில் ஒற்றை நல்வேளைச் செடி பூத்திருந்தது. வெள்ளை இதழ், ஊதா நரம்பு. அவள் முழங்கால் போட்டுக் கேமராவைத் தாழ்த்தி, பூ முன்னாலும் சிவந்த மணல் நடுவிலும் கருநீல மேகம் பின்னாலும் விழுகிறபடி வைத்தபோது மேகம் வேகமாக வந்துகொண்டிருந்தது. பூவின் தலைக்கு மேலே அது வந்த நேரத்தில்தான் அவள் அந்த வார்த்தையைச் சொன்னாள். மேகம் நின்றது. காற்றும் நின்றது. பூ அசையவில்லை. படம் எடுத்து முடிக்கிற வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாப்பிள்ளையைப் போல அந்த மேகம் அவளையே பார்த்துக்கொண்டு நின்றது.

பட்டனின் மேல் அவள் விரல் இருந்தது. அழுத்தினால் மேகம் புறப்பட்டுவிடும் என்று அவளுக்குத் தெரிந்தது. யாரும் சொல்லித் தெரியவில்லை. படம் எடுத்து முடித்ததும் நிற்பவர்கள் கலைந்து போவார்கள், அவ்வளவுதான். மேகம் புறப்பட்டால் மழை. மழை என்றால் தனசிங். ஜெயசீலி விரலை எடுத்தாள், கேமராவை உறையில் போட்டாள், ஸ்டாண்டை மடக்கினாள், திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தாள்.

முதல் வாரம் ஊரே மழைக்காகக் காத்திருந்தது. விறகையும் எருவாட்டியையும் உள்ளே எடுத்து அடுக்கினார்கள், ஆடுகளைக் கொட்டிலில் கட்டினார்கள், ஓட்டை ஓடுகளை மாற்றினார்கள். இரண்டாம் வாரத்தில் மேகத்தைப் பற்றி நேரத்துக்கு வராத பஸ்ஸைப் பற்றிப் பேசுவது போலப் பேச ஆரம்பித்தார்கள். மூன்றாம் வாரத்தில் பேச்சும் ஓய்ந்தது. சூரியன் மேகத்துக்கு மேலே எங்கேயோ தன் வேலையைப் பார்த்துக்கொண்டு ஏறி இறங்கியது. கீழே காலையில் எழுந்ததிலிருந்து விளக்கு வைக்கிற வரைக்கும் அதே நாலே முக்கால் மணி வெளிச்சம், சாம்பலும் செம்பும் கலந்த வெளிச்சம், ஒருவருக்கும் நிழல் விழாத வெளிச்சம். மேகத்தின் மேற்கு ஓரம் தார்ரோட்டுப் பாலத்துக்கு நேர் மேலே முடிந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் பக்கத்து ஊரில் பளீரென்று வெயில் அடித்தது, இந்தப் பக்கம் கொல்லாம்விளை மங்கிக் கிடந்தது. பெண்கள் மிளகாயையும் நனைத்த துணியையும் கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு பாலத்தைத் தாண்டிப் போய், "வெயிலுக்குப் போயிட்டு வாரேன்" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். குளத்துக்குப் போயிட்டு வாரேன் என்பதைப் போல அது சாதாரணப் பேச்சாகிவிட்டது. பஸ் கண்டக்டர் ஊர்ப் பெயரைச் சொல்வதை விட்டுவிட்டு, "மேகம் எறங்குறவங்கல்லாம் முன்னால வாங்க" என்று கூப்பிட்டார். ஒரு மாசத்தில் டிக்கெட் கேட்பவர்களும் "ரெண்டு மேகம்" என்றுதான் கேட்டார்கள்.

வானிலையைப் படித்த இரண்டு பேர் ஜீப்பில் வந்து, பலூன் ஒன்றை மேலே விட்டு, அது மேகத்துக்குள் போய்த் திரும்பி வராததைக் குறித்துக்கொண்டு போனார்கள். பாதிரியார் மூன்று நாள் உபவாச ஜெபம் வைத்தார், அம்மன் கோயிலில் கொடைத் திருவிழா நடந்தது. பிறகு எங்கிருந்தெல்லாமோ கல்யாண ஜோடிகள் வர ஆரம்பித்தார்கள். அந்த வெளிச்சத்தில் எந்த முகமும் அழகாக விழுகிறது என்று கேமராக்காரர்களுக்குத் தெரிந்துவிட்டது. சிவப்பு மணலில் சரிகைப் பாவாடை இழுபட, கையைக் கோத்துக்கொண்டு, கருத்த வானத்துக்குக் கீழே ஜோடி ஜோடியாக நடந்தார்கள். மூன்றாவது மேட்டில் அந்த நல்வேளைப் பூ மட்டும் வாடாமல் அப்படியே நிற்பதைக் கண்டுபிடித்தவர்களும் அவர்கள்தான். ஊர்க்காரர்கள் அதைச் சுற்றிப் பனைமட்டை வேலி கட்டினார்கள். யாரோ சூடம் கொளுத்தினார்கள், யாரோ இரண்டு குச்சியைக் கட்டிச் சிலுவை நட்டார்கள், ஆடு மேய்கிறவர்கள் ஆட்டை அந்தப் பக்கம் விடுவதில்லை.

"பேரு நல்வேளையாம்" என்று அன்னக்கனி மட்டும் காறித் துப்பினாள். அன்னக்கனி ஜெயசீலியின் பக்கத்து வீட்டுக்காரி, பனையேறி வைகுண்டத்தின் மனைவி, பதநீர் காய்ச்சுகிறவள்.

ஜெயசீலி கேமராவைத் தொடவில்லை. கல்யாணங்களுக்குக் கூப்பிட்டவர்களிடம் கைவலி என்று சொன்னாள். கேமரா பீரோவின் மேல் உறைக்குள் கிடந்தது. அதை எதற்கு எடுத்தாலும் முதல் அழுத்து அந்த மேகத்துக்குத்தான் போகும் என்று அவளுக்குத் தோன்றியிருந்தது. தனசிங் ஜன்னலோரக் கயிற்றுக்கட்டிலில் கிடந்தான். அவன் தேறவும் இல்லை, இறங்கவும் இல்லை. மேகம் வந்த அன்று எப்படி இழுத்து இழுத்து மூச்சு விட்டானோ அதே மூச்சு கார்த்திகை முழுக்க, மார்கழி முழுக்க. ராவெல்லாம் அவள் அந்தச் சத்தத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டிருப்பவள் போலத் தூங்கினாள்.

தை மாசத்தில் வைகுண்டம் வாயைத் திறந்துவிட்டார். கெட்ட எண்ணத்தில் இல்லை. கிணற்றில் தண்ணீர் ஏன் ஊறவில்லை என்று ஆளாளுக்குப் பேசிக்கொண்டிருந்த இடத்தில், அவரால் அடக்க முடியவில்லை.

"அன்னைக்கு நான் ஓலை வெட்டப் பனை மேல நிக்கேன். சீலி கீழ இருந்து நில்லுன்னு சொல்லுதா, மேகம் நிக்கு. என் கண்ணால பாத்தேன். ஆனா அவ போட்டோ எடுக்கல்ல. எடுக்காமலே எந்திரிச்சுப் போயிட்டா. அது இன்னும் போட்டோவுக்குத்தான் நிக்கு" என்றார்.

கேட்டவர்கள் யாரும் ஆச்சரியப்படவில்லை. காரணம் தெரிந்துவிட்டதில் பாதிப்பேருக்கு நிம்மதிதான். ஆனால் தனசிங்கைப் பார்க்க வந்துபோனவர்கள் வழியாக டாக்டர் சொன்னதும் ஊருக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தவுடன் ஒவ்வொருவராக எழுந்து வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள் ஊர்க்கமிட்டித் தலைவர் தவசிமுத்துவோடு பன்னிரண்டு பேர் ஜெயசீலி வீட்டுக்கு வந்தார்கள். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, உள்ளே இடம் இல்லாமல் சுவரோரம் ஒட்டி நின்றார்கள். ஜெயசீலி டீ போட்டுக் கொடுத்தாள். தவசிமுத்து தம்ளரை வைத்துக்கொண்டு கிணறு இருபது அடி கீழே போனதைச் சொன்னார், கொல்லாமரம் பூவைக் கொட்டிவிட்டதைச் சொன்னார், தன் பேரக்குழந்தைக்குக் கால் வளைகிறது, வெயிலில் காட்டச் சொல்கிறார்கள் என்பதைச் சொன்னார். பிறகு கட்டிலைப் பார்த்தார். தனசிங் தலையணையில் சாய்ந்தபடி அவரைப் பார்த்துச் சிரித்தான். தவசிமுத்துவின் மகள் பள்ளிக்கூடம் போன காலத்தில், வெள்ளம் வந்த வருஷம், வேனை நிறுத்திவிட்டு அவளைத் தோளில் வைத்துத் தண்ணீரைக் கடந்து கொண்டுவந்து விட்டவன் அவன்.

"எப்படிப்பா இருக்கு ஒடம்புக்கு?" என்றார் தவசிமுத்து.

"இருக்கேன் அண்ணாச்சி. அப்படியே இருக்கேன்."

"அது போதும்" என்று சொல்லித் தம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். பன்னிரண்டு பேரும் எழுந்தார்கள். வந்த விஷயத்தை யாரும் சொல்லவில்லை. ஒரு பெண்பிள்ளையைப் பார்த்து, உன் புருஷனைச் சாகவிடு என்று எந்த வாய் சொல்லும். தெருமுனையில் நின்று அவர்கள் முடிவு பண்ணினார்கள்: ஒரு ஆள் உயிருக்காக ஊர் காத்திருக்கட்டும், எவ்வளவு நாளோ அவ்வளவு நாள். அன்றைக்கு அந்த முடிவில் அவர்களுக்கே தங்களைப் பிடித்திருந்தது.

மாசி மாசத்தில் அந்தப் பிடிப்பு தளர ஆரம்பித்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லைதான். ஆனால் ஜெயசீலி கடைக்குப் போனால் பேச்சு நின்றது. தனசிங்கைப் பார்க்க வருகிறவர்கள், எப்படி இருக்கிறான் என்று கேட்டுவிட்டு, "அப்படியேதான் இருக்கார்" என்ற பதிலைக் கேட்டதும் ஒரு கணம் தரையைப் பார்த்தார்கள். அந்த ஒரு கணத்தை அவள் கண்டுகொண்டாள். பனையில் பதநீர் சொட்டவே மாட்டேன் என்றது. சொட்டியதும் தண்ணீராக இருந்தது. அன்னக்கனி விடியலிலிருந்து காய்ச்சியும் பாகு இறுகாமல், கருப்பட்டி அச்சில் ஊற்றினால் சேறு போலப் பரந்து கிடந்தது. வைகுண்டத்தின் பசுவும் கன்றும் ஒரே வாரத்தில் செத்தன. லாரியில் தண்ணீர் வந்தது, வாரத்துக்கு இரண்டு தடவை, பாலத்துக்கு அந்தப் பக்கம் நின்று கொடுத்துவிட்டுப் போகும். டிரைவர் மேகத்துக்குக் கீழே வர மாட்டேன் என்றுவிட்டார். குடத்தோடு மூன்று மணிநேரம் வரிசையில் நிற்க வேண்டும்.

அந்த வரிசையில் வைத்துத்தான் அன்னக்கனி கேட்டாள்.

"சீலி, நான் ஒன்னையத் தப்பா நினைக்கல்ல. என் புருஷனுக்குன்னா நானும் அதத்தான் செஞ்சிருப்பேன். ஒண்ணு மட்டும் கேக்கேன், சொல்லு. ராத்திரி தூக்கம் வருதா ஒனக்கு?"

"வருதுக்கா" என்றாள் ஜெயசீலி. "அவிய மூச்சுச் சத்தம் கேட்டா வருது."

அன்னக்கனி குடத்தை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டாள். "எனக்கு வரல்ல. கன்னுக்குட்டி கத்துத மாதிரியே இருக்கு" என்றாள்.

அன்று வீட்டுக்கு வந்தபோது தனசிங் ஜன்னல் வழியாகத் தேரியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அடுத்த வீட்டில் கரண்டி விழுந்தால் கேட்கிற ஊரில் நாலு மாசமாக ஒன்றைக் கட்டிலில் கிடப்பவனிடமிருந்து மறைக்க முடியாது.

"ஏட்டி, இப்ப மணி என்ன?" என்று கேட்டான்.

"பதினொண்ணு ஆகுது அத்தான்."

"காலையிலயா? நான் சாப்பிட்டேனா?"

"சாப்பிட்டாச்சு."

"எனக்கு நேரமே தெரியல்லட்டி. முழிச்சா அதே வெளிச்சம், கண்ண மூடித் தொறந்தா அதே வெளிச்சம். நீ ஒரு செடிய மூணு வேளை எடுப்பியே, மூணும் மூணு செடி மாதிரி இருக்கும். இப்ப ஒன்னையப் பாத்தாக்கூட எப்பவும் ஒரே மூஞ்சியாத் தெரியுது." மூச்சு வாங்கி நிறுத்தினான். "போய் அந்தப் போட்டோவ எடுத்துட்டு வந்துருட்டி. மழச் சத்தம் கேட்டு எத்தன நாளாச்சு."

"பேசாம இருங்க."

"ஊரு குடிக்கத் தண்ணி இல்லாமக் கெடக்கு."

"கெடந்தாக் கெடக்கட்டும்" என்று கத்தினாள். தன் குரலைக் கேட்டு அவளே பயந்தாள். பிறகு தணிந்து, "மழ வந்தா நீங்க போயிருவீய அத்தான்" என்றாள்.

"மழ வராமலே போயிட்டேன்னா?"

அவள் கேமராவை பீரோ மேலிருந்து எடுத்து, அரிசிப் பானைக்குள் போட்டு மூடினாள், அவன் எழுந்து நடந்துபோய் எடுத்துவிடுவான் என்பது போல.

பங்குனி பன்னிரண்டாம் தேதி, ஒரு வியாழக்கிழமை, தண்ணீர் லாரி வருகிற நாள். ஜெயசீலி அவனுக்கு முகம் துடைத்து, வாயில் இரண்டு கரண்டி கஞ்சி விட்டு, "கூட்டம் இருக்கும், கொஞ்சம் பிந்தும்" என்று சொல்லிவிட்டு இரண்டு குடத்தோடு பாலத்துக்குப் போனாள். வரிசை அன்று ரோட்டு வளைவு வரைக்கும் இருந்தது. நாலு மணிநேரம் நின்றாள். பாலத்துக்கு அந்தப் பக்கத்து வெயில் கண்ணைக் கூச, இந்தப் பக்கம் திரும்பினால் கண் மங்க, இரண்டு குடத்தையும் நிரப்பித் தலையில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாகக் கொண்டுவந்து, வாசல் நடையில் கால் வைத்தவுடனே தெரிந்தது. வீட்டுக்குள் சத்தம் இல்லை. அவள் குடத்தைக் கீழே போடவில்லை. மெதுவாக இறக்கி, சிந்தாமல் இரண்டையும் மூலையில் வைத்து மூடிவிட்டு, அப்புறம்தான் கட்டிலுக்குப் போனாள். தனசிங் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக் கிடந்தான். வெளியே ஒரு துளி விழவில்லை. மேகம் நின்றது நின்றபடி நின்றது.

அடுத்த நாள் காலை ஊர் முழுக்க வந்தது. பாதிரியார் வந்தார், பக்கத்து ஊரிலிருந்து ஐஸ் பெட்டி வந்தது. மேகத்தைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த ஊர் அவளுக்குச் செய்த மரியாதைகளிலேயே பெரிய மரியாதை அதுதான். வைகுண்டமும் இன்னும் மூன்று பேரும் மண்வெட்டியோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்கள்.

கல்லறைத் தோட்டம் தேரியின் ஓரத்தில் இருந்தது. மற்ற வருஷங்களில் அங்கே இரண்டு முழம் தோண்டினால் ஈரம் வரும், ஈரம் வந்தால் மண் கட்டி நிற்கும். இப்போது ஒரு ஆள் ஆழம் தோண்டியும் பொடி மணல்தான். தோண்டத் தோண்ட நாலு பக்கமும் சரிந்து உள்ளே ஓடியது. முதல் குழி இடுப்பளவு போனதும் மூடிக்கொண்டது. இரண்டாவது குழிக்குப் பலகை வைத்துப் பார்த்தார்கள், பலகைக்கு அடியில் மணல் புகுந்து பலகையைத் தள்ளியது. மூன்றாவது குழிக்குப் பனந்தடியை அறைந்து நிறுத்தி, லாரித் தண்ணீரில் பதினாறு குடம் கொண்டுவந்து ஊற்றினார்கள். மணல் அதைக் குடித்துவிட்டுக் குடித்த சுவடே இல்லாமல் கிடந்தது. உள்ளே இறங்கி நின்ற வைகுண்டத்தின் மார்பு வரை மணல் சரிந்து, மற்ற மூன்று பேரும் அவரைக் கையைப் பிடித்து இழுத்து எடுத்தார்கள்.

பகல் இரண்டு மணிக்கு வைகுண்டம் ஜெயசீலியின் வாசலில் வந்து நின்றார். தலைமுடியிலும் புருவத்திலும் சிவப்பு மணல். உள்ளே வராமல், யாரையும் பார்க்காமல் பேசினார்.

"மண்ணு நிக்க மாட்டேங்கும்மா. மூணு தடவ தோண்டிட்டோம். எங்களால முடிஞ்சதச் செஞ்சிட்டோம்."

பெட்டியின் தலைமாட்டில் இருந்த ஜெயசீலி அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவள் எழுந்துபோய் அரிசிப் பானைக்குள் கையை விட்டுக் கேமராவை எடுத்தாள். ஆன் செய்தாள். அஞ்சு மாசமாகக் கிடந்ததில் பேட்டரியில் உயிரே இல்லை. ஐஸ் பெட்டிக்குச் சொருகியிருந்த பிளக் பக்கத்திலேயே சார்ஜரைச் சொருகி, அந்தச் சின்னச் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டு அவள் முக்கால் மணிநேரம் உட்கார்ந்திருந்தாள். அவளோடு ஊரும் உட்கார்ந்திருந்தது. பாட்டுப் பாடிக்கொண்டிருந்த பெண்களும் நிறுத்திவிட்டார்கள். விளக்கு பச்சையானதும் அவள் தனசிங்கின் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, ஸ்டாண்டைத் தானே தோளில் போட்டுக்கொண்டு இறங்கி நடந்தாள். பின்னால் ஊர் நடந்தது, பத்தடி விட்டு, பேசாமல்.

மூன்றாவது மேட்டில் தவசிமுத்து பனைமட்டை வேலியைப் பிரித்து வழிவிட்டார். ஜெயசீலி முழங்கால் போட்டு உட்கார்ந்தாள். கண்ணை வைத்துப் பார்த்தபோது எல்லாம் அன்றைக்கு இருந்தபடியே இருந்தது. பூ, மணல், மேகம், எதுவும் ஒரு நூல் விலகியிருக்கவில்லை. இந்த வெளிச்சத்தில்தான் அவன் அஞ்சு மாசம் உயிரோடு இருந்தான். இது போனால் அவன் இருந்த வெளிச்சமும் போய்விடும். அவள் வெகுநேரம் அப்படியே இருந்தாள். பின்னால் யாரோ ஒரு குழந்தை இருமியது, அதன் அம்மா அதன் வாயைப் பொத்தினாள். அந்தப் பொத்தின கையின் சத்தம் கேட்டபிறகு ஜெயசீலி பட்டனை அழுத்தினாள்.

முதலில் பூ உதிர்ந்தது. நாலு வெள்ளை இதழும் ஒன்றாகக் கழன்று மணலில் விழுந்தன. அப்புறம் காற்று வந்தது. தலைக்கு மேலே மேகம், ரொம்ப நேரம் ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்த மனுஷனைப் போல அசைந்து புரண்டது. சிவப்பு மணலின் மேல் வெளிச்சம் ஓடியது, பின்னாலேயே இருட்டு ஓடியது, மேடுகள் ஒவ்வொன்றாகக் கருத்தன. முதல் துளிகள் மணலில் விழுந்து புழுதியைக் கிளப்பின. பிறகு அஞ்சு மாசத்து மழை ஒரேயடியாக இறங்கிற்று.

யாரும் ஆடவில்லை, யாரும் கூச்சல் போடவில்லை. ஆண்கள் நேராகக் கல்லறைத் தோட்டத்துக்கு ஓடி மழையிலேயே தோண்டினார்கள். ஒரு மணிநேரத்தில் நாலு சுவரும் செதுக்கினது போல நின்றன. இருட்டுகிறதற்குள் தனசிங்கைக் கொண்டுவந்தார்கள். பாதிரியாரின் புத்தகத்துக்கு இரண்டு பேர் குடை பிடித்தும் பக்கங்கள் ஒட்டிக்கொண்டு, அவர் பாதியைப் பார்க்காமலேதான் சொன்னார். பெட்டியின் மேல் மழை விழுகிற சத்தம் பெரிதாகக் கேட்டது. ஜெயசீலி ஒரு கை ஈர மண்ணை எடுத்துப் போட்டாள். அது பிடித்த பிடி கலையாமல் அப்படியே கட்டியாக விழுந்தது.

மழை பதினொரு நாள் பெய்தது. பன்னிரண்டாம் நாள் வெயில் வந்தபோது, மேகத்துக்குக் கீழே நடக்கப் பழகிய சின்னப் பிள்ளைகள் தங்கள் நிழலைப் பார்த்து அலறிக்கொண்டு வீட்டுக்குள் ஓடின. தேரியில் அந்த வருஷம் காலம் தப்பிப் பூ வந்தது, யாரும் கண்டிராத அளவுக்கு வந்தது. மேட்டுக்கு மேடு மஞ்சளும் நீலமும் வெள்ளையுமாக, காலையில் ஒரு நிறம், சாயங்காலம் ஒரு நிறம். ஜெயசீலி பார்க்கப் போகவில்லை. பஸ் கண்டக்டர் மட்டும் பழக்கத்தில் "மேகம், மேகம்" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். இறங்குகிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு இறங்கினார்கள்.

ஒருநாள் அன்னக்கனி வந்தாள். ஓலைக்கொட்டானில் நாலு கருப்பட்டி கொண்டுவந்து வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். கட்டில் அதே இடத்தில் கிடந்தது, வெயில் அதன் கயிற்றில் ஏறியிருந்தது.

"சீலி, அந்தப் போட்டோவ ஒரு தடவ காட்டேன். ஊர்ல ஒருத்தரும் பாக்கல்ல" என்றாள்.

ஜெயசீலியும் பார்த்திருக்கவில்லை. கேமராவை எடுத்துத் திறந்து, இருவரும் தலையைச் சேர்த்துக் குனிந்து பார்த்தார்கள். கை ஆடியிருந்தது. பூ மங்கலாக விழுந்திருந்தது, மணல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. மேகம் வெறும் சாம்பல் நிறமாக, அழுக்குத் துணி மாதிரி மேலே ஒட்டிக்கொண்டிருந்தது.

அன்னக்கனி கேமராவை வாங்கிக் கிட்டே வைத்துப் பார்த்தாள், தூர வைத்துப் பார்த்தாள்.

"இம்புட்டுத்தானா?"

"இம்புட்டுத்தான்க்கா."

"இதுக்கா அது அஞ்சு மாசம் நின்னுச்சு?"

ஜெயசீலி கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாவு விழுந்த அன்றைக்கும் அழாதவள் குரல் அப்போதுதான் உடைந்தது.

"மேகம் நின்னுச்சுக்கா. அவியதான் நிக்கல்ல."

அன்னக்கனி கேமராவின் கண்ணாடியை முந்தானையால் துடைத்து, அணைத்து, மடியில் வைத்துக்கொண்டாள். வெயில் கட்டிலை விட்டு இறங்கிச் சுவருக்குப் போகிற வரைக்கும் எழுந்து போகாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.